57 நாள் உண்ணாநோன்பு: செஞ்சி பாறையில் மரியாதை, கோர்ட்டில் குற்றம்.. சரி எது, தவறு எது என்று எதை வைத்து முடிவு செய்கிறோம்?

செஞ்சி என்றதும் ராஜகிரி கோட்டையும் தேசிங்கு ராஜன் கதையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த பிறகு அங்கே போகிறவர்கள் கவனம் முழுக்க கோட்டை மேல்தான். ஆனால் ஊருக்கு வடக்கே, சிங்கவரம் பக்கம் ஒரு சின்னக் குன்று இருக்கிறது. பெயர் திருநாதர்குன்று.

அந்தக் குன்றில் உள்ள பழைய கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாட்கள் உணவு எடுக்காமல் நோன்பிருந்து உயிர் துறந்ததைச் சொல்கிறது. அந்த இடம் அவருக்கான நினைவிடம். அதாவது, அவர் செய்தது மதிக்கத்தக்க செயல் என்று அந்தக் காலத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அதே நோன்பை 2015-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தற்கொலைக்குச் சமம் என்றது. நோன்பு இருப்பவர் மேல் வழக்கு, உதவுபவர் மேலும் வழக்கு என்றது. மூன்றே வாரத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது.

ஒரே செயல். ஒருவருக்கு அது தவம், இன்னொருவருக்குக் குற்றம், மூன்றாமவருக்கு விசாரிக்க வேண்டிய விஷயம். அப்படியென்றால் ஒரு செயலைச் சரி, தவறு என்று சொல்லும்போது நாம் எதை வைத்துச் சொல்கிறோம்? 'அறவியல்' என்ற துறையின் அடிப்படைக் கேள்வியே இதுதான்.

திருநாதர்குன்றில் என்ன இருக்கிறது?

குன்றில் ஒரு பெரிய பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மேல் வரிசையில் 12, கீழ் வரிசையில் 12. சந்திரநந்தி கல்வெட்டு கி.பி. 6-ஆம் நூற்றாண்டு வாக்கில் வெட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. தமிழ் எழுத்து வரலாற்றிலும் அதற்குத் தனி இடம் உண்டு. 'ஐ' என்ற எழுத்து கிடைக்கும் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்றாக அறிஞர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

இதே குன்றில் இன்னொரு கல்வெட்டும் உண்டு. அது இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்கிறது. இப்படி நோன்பிருந்து இறந்தவர்களின் நினைவிடத்துக்கு 'நிசீதிகை' என்று பெயர்.

செஞ்சி வட்டாரம் இன்றும் தமிழ்ச் சமணர்களின் முக்கியமான பகுதி. அவர்களின் தலைமை மடம் செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 89 ஆயிரம் சமணர்கள் இருக்கிறார்கள். வடநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களும் இதில் அடக்கம்.

சல்லேகனை என்றால் என்ன?

உணவையும் நீரையும் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் முழுவதும் நிறுத்தி, மரணத்தை அமைதியாக எதிர்கொள்ளும் சமண நோன்புதான் சல்லேகனை. திகம்பரர்கள் இதைச் சல்லேகனை என்றும், சுவேதாம்பரர்கள் சந்தாரா என்றும் சொல்கிறார்கள்.

நினைத்தவர் நினைத்த நேரத்தில் இதில் இறங்கிவிட முடியாது. ஆசாரியர் சமந்தபத்திரர் எழுதிய இரத்தின கரண்டக சிராவகாசாரம் என்ற நூல், எந்த நிலையில் இது பொருந்தும் என்று வரையறுக்கிறது. தப்ப முடியாத ஆபத்து, கடும் பஞ்சம், முதுமை, தீராத நோய் ஆகியவைதான் அந்த நிலைகள். அருங்கலச்செப்பு என்ற பெயரில் இந்த நூலின் தமிழ் வடிவமும் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூல், நோன்பு இருப்பவர் செய்யக்கூடாத ஐந்து தவறுகளைப் பட்டியல் போடுகிறது. இன்னும் வாழ வேண்டும் என்ற ஏக்கம் அதில் ஒன்று. 'சீக்கிரம் செத்துவிட வேண்டும்' என்ற ஆசையும் அதே பட்டியலில் இருக்கிறது! நண்பர்கள் மேல் உள்ள பற்று, பழைய சுகங்களை நினைத்துப் பார்ப்பது, அடுத்த பிறவியில் பலன் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவை மற்ற மூன்று.

அதாவது சாகும் ஆசையோடு இருந்தால் அது சல்லேகனையே இல்லை என்கிறது சமணம். கோபம், வெறுப்பு, விரக்தி காரணமாக உயிரை விடுவது அவர்கள் பார்வையிலும் தற்கொலைதான், பாவம்தான்.

சமந்தபத்திரர் பற்றியே ஒரு மரபுக் கதை உண்டு. அவருக்குத் தீராப்பசி நோய் வந்ததாம். சல்லேகனை இருக்க அனுமதி கேட்டாராம். குரு மறுத்துவிட்டாராம். 'உனக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது, உன்னால் ஆக வேண்டிய வேலை இருக்கிறது' என்பது குரு சொன்ன காரணம். கதை நடந்ததோ இல்லையோ, அது சொல்லும் விஷயம் முக்கியம். கேட்டவுடனே அனுமதி கிடைக்காது. 'வேண்டாம்' என்று சொல்லும் ஒரு ஆள் அந்த அமைப்புக்குள்ளேயே இருந்தார்.

தமிழ் இலக்கியத்தில் இது புதுசா?

இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த 'வடக்கிருத்தல்' நினைவிருக்கலாம். வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாமல் உயிர் துறப்பது அது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ஒன்றுபோல இருக்கும். உள்ளே போனால் காரணங்கள் வேறு வேறு.

சேரமான் பெருஞ்சேரலாதன்: வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதி முதுகில் புண் பட்டதால் வடக்கிருந்தான். காரணம், மானம்.

கோப்பெருஞ்சோழன்: பெற்ற பிள்ளைகளே எதிர்த்துப் போருக்கு வந்த நிலையில் வடக்கிருந்தான். காரணம், குடும்பப் பகையும் அதனால் வந்த வேதனையும்.

பிசிராந்தையார்: அந்தச் சோழனை அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. இருந்தும் தேடி வந்து அவனுடன் சேர்ந்து வடக்கிருந்தார். காரணம், நட்பு.

கவுந்தியடிகள்: சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்டார். காரணம், துயரம்.

கோப்பெருஞ்சோழன் கதையில் நான்காவது பாத்திரம் ஒன்றும் இருக்கிறது. புலவர் பொத்தியார். அவரும் மன்னனோடு வடக்கிருக்க வந்தார். மன்னன் அவரைத் தடுத்தான். மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், பிள்ளை பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பினான். புறநானூறு இதைப் பதிவு செய்திருக்கிறது.

பாருங்கள், அதே மன்னன், அதே இடம், அதே நோன்பு. தனக்குச் சரி என்று நினைத்த மன்னன் பொத்தியாருக்கு மட்டும் 'இப்போது சரியில்லை' என்கிறான். பிறக்கப் போகும் குழந்தைக்கு ஒரு கடமை பாக்கி இருக்கிறது என்பதுதான் அவன் கணக்கு. செயலை மட்டும் பார்க்காமல், ஆளையும் அவருடைய பொறுப்பையும் சூழலையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் சங்க காலத்திலேயே இருந்திருக்கிறது.

2015-ல் கோர்ட்டில் நடந்தது என்ன?

சந்தாராவுக்குத் தடை கேட்டு 2006-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தாக்கலானது. 2015 ஆகஸ்ட் 10-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. இந்த நோன்பு சமண மதத்தின் தவிர்க்க முடியாத பகுதி என்று நிரூபிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். தற்கொலை முயற்சிக்கான பழைய 309, தற்கொலைக்குத் தூண்டுவதற்கான 306 ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிய உத்தரவிட்டது.

ஆகஸ்ட் 24-ஆம் தேதி நாட்டின் பல நகரங்களில் சமணர்கள் மௌன ஊர்வலம் போனார்கள். ஆகஸ்ட் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

அதன் பிறகு சட்டமும் மாறிவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்றது. அவரைத் தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 போன்ற பொதுவான பிரிவே இல்லை. ஆனால் தற்கொலைக்குத் தூண்டுவது இன்றும் குற்றம். குழந்தையைத் தூண்டினால் அதற்குத் தனிப் பிரிவு, இன்னும் கடுமையான தண்டனை.

'மதம் சொன்னால் சரி' - போதுமா?

ராஜஸ்தான் நீதிமன்றத்தில் வாதம் பெரும்பாலும் ஒரு கேள்வியைச் சுற்றியே ஓடியது. இது மதத்துக்கு அத்தியாவசியமா, இல்லையா? சட்டத்துக்கு அந்தக் கேள்வி தேவைப்படலாம். ஆனால் அறம் சார்ந்த கேள்வி அதோடு முடிவதில்லை.

இதைப் புரிந்துகொள்ள செஞ்சி வட்டாரத்திலேயே இன்னொரு ஊருக்குப் போகலாம். செஞ்சியிலிருந்து விழுப்புரம் பக்கம், மண்டகப்பட்டுக்கு அருகே இருக்கிறது தளவானூர். அங்கே முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து உருவாக்கிய சிவன் கோயில் இருக்கிறது. சத்ருமல்லேஸ்வரம் என்று பெயர். 'சத்ருமல்லன்' என்பது மகேந்திரவர்மனின் பட்டப் பெயர்களில் ஒன்று. காலம், 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

மகேந்திரவர்மன் முதலில் சமணனாக இருந்து, பிறகு அப்பர் வழியில் சைவத்துக்கு மாறினான் என்கிறது மரபு. அந்த அப்பரும் முன்பு சமணத்தில் தருமசேனர் என்ற பெயரில் இருந்தவர்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 'என் மதம் சொல்வதால்தான் இது சரி' என்று வைத்துக்கொண்டால், மன்னன் மதம் மாறிய அன்று சரியும் தவறும் சேர்ந்து மாறிவிட்டனவா? நேற்று வரை உயர்ந்த தவமாக இருந்தது இன்று காலையில் பிழையாகிவிடுமா? ஒரு செயலின் தன்மை அப்படி ஒரே ராத்திரியில் மாறுமா என்ன?

கிரேக்கத்தில் பிளேட்டோ எழுதிய ஒரு உரையாடலில் சாக்ரடீஸ் இதே மாதிரிக் கேள்வி கேட்பார். தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, அல்லது அது நல்லதாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா? இரண்டாவதுதான் என்றால், அது ஏன் நல்லது என்பதற்குத் தனியாக ஒரு காரணம் சொல்லியாக வேண்டும்.

சரி, 'காலம் காலமாக நடக்கிறதே' என்பது காரணமாகுமா? அதுவும் போதாது. ஸ்காட்லாந்து தத்துவஞானி டேவிட் ஹியூம் 18-ஆம் நூற்றாண்டில் இதைத் தெளிவாகச் சுட்டிக்காட்டினார். 'இப்படி நடக்கிறது' என்பதை மட்டும் வைத்து 'இப்படித்தான் நடக்க வேண்டும்' என்ற முடிவுக்குத் தாவ முடியாது. திருநாதர்குன்று கல்வெட்டு, நோன்பு நடந்தது என்பதற்குச் சாட்சி. அது சரிதான் என்பதற்குச் சாட்சி அல்ல. உடன்கட்டை ஏறுவதும் வழக்கமாகத்தான் இருந்தது. 1829-ல் சட்டம் போட்டுத் தடுத்தோம்.

அப்போ வேறு என்ன அளவுகோல்?

தத்துவத்தில் பல கொள்கைகள் இருந்தாலும் செய்தி படிக்கும்போது நாம் எல்லோரும் அறியாமலேயே பயன்படுத்துவது நான்கு அளவுகோல்கள்.

1. விளைவு: செயலால் என்ன நடந்தது? யாருக்கு நன்மை, யாருக்குத் துன்பம்? இங்கிலாந்தின் ஜெரமி பெந்தம், ஜான் ஸ்டூவர்ட் மில் ஆகியோர் முன்வைத்த பயன்வாதம் இதுதான். இந்தக் கணக்கில், தீராத நோயில் வலியோடு இருக்கும் 90 வயதுப் பெரியவரின் நோன்பும், குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய 35 வயதுக்காரரின் நோன்பும் ஒன்றல்ல. பொத்தியாரைத் திருப்பி அனுப்பிய மன்னனின் கணக்கிலும் இதில் பாதி இருக்கிறது.

2. கடமை: விளைவு எப்படி இருந்தாலும் சில விஷயங்களைச் செய்யக்கூடாது என்பது இது. ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் இதன் முக்கியக் குரல். மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தக்கூடாது என்றார். துன்பத்திலிருந்து தப்ப ஒருவர் தன் உயிரையே விடுவது, தன்னையே கருவியாக்குவது என்று 1785-ல் வந்த நூலில் வாதிட்டார். காண்ட் கணக்கில் தற்கொலை தவறு. ஆனால் 'சாகும் ஆசையே இல்லாத' நோன்பு அந்தக் கணக்கில் எங்கே வரும் என்பதில் இன்றும் விவாதம் இருக்கிறது.

3. குணம்: செயலை விட்டுவிட்டு, செய்கிற ஆளின் மனசைப் பார்ப்பது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதைப் பேசினார். சமணத்தின் ஐந்து தவறுகள் பட்டியலும் இந்த வகைதான். உள்ளே பற்றும் பகையும் இருந்தால் வெளியே எவ்வளவு பெரிய நோன்பாக இருந்தாலும் பயனில்லை. இதில் ஒரு சிக்கல், மனசைக் கல்வெட்டில் வெட்ட முடியாது. 57 என்ற எண்ணிக்கை நமக்குத் தெரியும். சந்திரநந்தியின் மனசு தெரியாது.

4. சம்மதம்: முடிவு யாருடையது? 'உன் உடல் மீதும் உள்ளம் மீதும் உனக்கே அதிகாரம்' என்பது 1859-ல் மில் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலின் மையம். தெளிவான மனதோடு, முழு விவரம் தெரிந்து, யாரும் வற்புறுத்தாமல் ஒரு வயது வந்தவர் எடுத்த முடிவா என்பதே இங்கே கேள்வி.

நான்கும் நான்கு பதில் சொன்னால் என்ன செய்வது? அதைச் சோதிக்கத் தமிழ்நாட்டிலேயே ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது.

தலைக்கூத்தல்: பெயர் மட்டும் மரியாதையானது

மதுரை, விருதுநகர் உள்ளிட்ட தென்மாவட்டங்களின் சில பகுதிகளில் 'தலைக்கூத்தல்' என்ற பழக்கம் பற்றிப் பல ஆண்டுகளாகச் செய்திகள் வந்திருக்கின்றன. படுத்த படுக்கையாகிவிட்ட முதியவரின் உயிரைக் குடும்பத்தாரே முடித்துவைப்பது அது. 2010-ல் விருதுநகர் மாவட்டத்தில் 80 வயது முதியவர் ஒருவர், தனக்கு இது நடக்கப்போகிறது என்று தெரிந்து, வீட்டை விட்டுத் தப்பி உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்தார். தன் நிலத்தை எப்படிப் பங்கு போடுவது என்று வீட்டார் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறார் அவர். அதன் பிறகுதான் இந்த விஷயம் பெரிதாக வெளியே வந்தது. 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற 'பாரம்' படமும் இதைப் பற்றியதுதான்.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வார்த்தைகளைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். 'கஷ்டப்படாம போகட்டும்', 'நல்ல சாவு', 'காலம் காலமா இருக்கிற வழக்கம்'. சல்லேகனைக்குச் சொல்லப்படும் வார்த்தைகளோடு இவை கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன.

ஆனால் நான்கு அளவுகோல்களையும் வைத்துப் பாருங்கள். விளைவு? முதியவரின் வலி குறைந்தது என்பதைவிட, பார்த்துக்கொள்கிறவர்களின் சுமை குறைந்தது என்பதே உண்மை. ஊரில் இருக்கும் மற்ற முதியவர்கள் எல்லாம் பயத்தோடு வாழ வேண்டிய நிலை வேறு. கடமை? ஒரு மனிதரைச் சொத்துக்காகவோ வசதிக்காகவோ அப்புறப்படுத்துவது அவரைக் கருவியாகக்கூட இல்லை, தடையாகப் பார்ப்பது. குணம்? பங்கு பிரிக்கும் பேச்சு போதும், மனசு தெரிந்துவிடும். சம்மதம்? தப்பி ஓடிய அந்தப் பெரியவரே பதில்.

நான்கு கொள்கைகளும் அடிப்படையில் சண்டை போடுபவை. இருந்தும் இந்த இடத்தில் நான்கும் ஒரே பக்கம் நிற்கின்றன. அதனால்தான் சட்டப்படி இது கொலை என்பதில் குழப்பமே இல்லை. 'அறம் என்பது ஆளாளுக்கு மாறும், எல்லாம் அவரவர் கருத்து' என்று சொல்பவர்களுக்கு இது ஒரு நல்ல பதில். எல்லா விஷயத்திலும் கருத்து வேறுபாடு இல்லை. சில விஷயங்களில் மட்டும்தான்.

குழந்தைக்கு யார் முடிவெடுப்பது?

2025-ல் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்ட 3 வயதுக் குழந்தைக்குச் சந்தாரா நோன்பு ஏற்கவைக்கப்பட்ட செய்தி நாடு முழுக்க விவாதமானது. சிறார்களுக்கும் மனநலம் குன்றியவர்களுக்கும் இந்த நோன்பைத் தடை செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போடப்பட்டது.

பெற்றோரின் வேதனை எவ்வளவு பெரியது என்பதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அளவுகோல் என்ன சொல்கிறது? பற்றை விட்டேன் என்று சொல்ல, முதலில் பற்று என்றால் என்ன என்று தெரிய வேண்டும். மூன்று வயதில் அது சாத்தியமா? சம்மதம் என்ற அளவுகோல் மட்டுமல்ல, சல்லேகனைக்குச் சமண நூல்களே சொல்லும் உள்ளத் தெளிவு என்ற அளவுகோலும் இங்கே பொருந்துவது கடினம்.

ஆஸ்பத்திரியிலும் இதே கேள்விதான்

இது மத விஷயம் மட்டும்தானே என்று நினைத்தால் தவறு. ஐசியு வாசலில் நின்ற எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கேள்வி தெரியும். 'வென்டிலேட்டரை எடுத்துடலாமா?'

மும்பை கேஇஎம் மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973-ல் நடந்த தாக்குதலுக்குப் பிறகு 42 ஆண்டுகள் சுயநினைவற்ற நிலையில் இருந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி கேட்டு ஒரு பத்திரிகையாளர் உச்ச நீதிமன்றம் போனார். அத்தனை ஆண்டுகளும் அருணாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்கள் எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7-ஆம் தேதி, ஊழியர்களின் பக்கமே நீதிமன்றம் நின்றது. அவர் சார்பில் பேசும் தகுதி, கூடவே இருந்து கவனித்தவர்களுக்குத்தான் என்றது. அதே தீர்ப்பில், கடும் நிபந்தனைகளோடு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த வழியும் திறந்தது. அருணா 2015 மே மாதம் நிமோனியாவால் இறந்தார்.

2018 மார்ச் 9-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்றது. எனக்குச் சுயநினைவு இல்லாமல் போனால் இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் 'வாழ்நாள் உயில்' செல்லும் என்றது. அதற்கான நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிமையாக்கப்பட்டது.

இங்கே கவனியுங்கள். நீதிமன்றம் போட்ட நிபந்தனைகள் எல்லாம் என்ன? எழுதும்போது மனம் தெளிவாக இருந்ததா? யாராவது வற்புறுத்தினார்களா? சாட்சி உண்டா? மருத்துவக் குழு பார்த்ததா? பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறலாமா? செயலின் பெயரை விட்டுவிட்டு, முடிவு எடுக்கப்பட்ட விதத்தைத்தான் சோதிக்கிறார்கள்.

திரும்பி வர வழி இருக்கிறதா?

சல்லேகனை விவாதத்திலும் கடைசியில் நிற்கும் கேள்வி இதுதான். சமண மரபில் இரண்டு வகை சொல்வார்கள். ஒன்று நியம சல்லேகனை. ஒரு கால அளவுக்கு மட்டும் எடுப்பது, ஆபத்து நீங்கினால் முடித்துக்கொள்ளலாம். இன்னொன்று யம சல்லேகனை. உயிர் உள்ளவரை தொடர்வது.

விமர்சகர்களின் கவலை இரண்டாவதில்தான். நோன்பு தொடங்கியது ஊருக்கெல்லாம் தெரிந்து, பார்க்கக் கூட்டம் வந்து, குடும்பத்துக்குப் பெருமை சேர்ந்த பிறகு, 15-ஆம் நாள் அந்தப் பாட்டி 'எனக்குக் கொஞ்சம் கஞ்சி கொடுங்க' என்று கேட்டால் கொடுப்பார்களா? கேட்கவே அவருக்குத் துணிச்சல் வருமா? ஆதரவாளர்களின் பதிலும் நியாயமானதே: பல ஆண்டு பழகிய நோன்பு வாழ்க்கையின் இயல்பான முடிவு இது, வெளியாட்கள் வந்து அதை நோய் என்றும் குற்றம் என்றும் முத்திரை குத்தக்கூடாது.

இரண்டு தரப்பும் மோதுவது 'சாவு நல்லதா கெட்டதா' என்பதில் இல்லை. முடிவு உண்மையிலேயே அவருடையதா என்பதில்தான். அதை மொத்தமாகத் தடை செய்தும் தீர்க்க முடியாது, மொத்தமாகக் கும்பிட்டும் தீர்க்க முடியாது. ஒவ்வொரு ஆளாக, ஒவ்வொரு சூழலாகப் பார்த்தாக வேண்டும். கோப்பெருஞ்சோழன் பொத்தியாரைப் பார்த்தது போல.

சுருக்கமாக: அடுத்த முறை ஒரு செய்தியைப் பார்த்து 'இது சரியா?' என்று கேட்கும்போது

செயலுக்கு வைத்திருக்கும் பெயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். 'தியாகம்', 'வழக்கம்', 'குற்றம்' எல்லாமே மேலே ஒட்டிய லேபிள்கள்தான்.

இந்த முடிவு யாருடையது, யாரால் ஆதாயம் யாருக்கு என்று கேளுங்கள். ஆதாயம் ஒருவருக்கு, இழப்பு இன்னொருவருக்கு என்றால் சந்தேகம் நியாயம்.

'வேண்டாம்' என்று சொல்ல ஒரு ஆளும், திரும்பி வர ஒரு வழியும் இருந்தனவா என்று பாருங்கள்.

எந்த அளவுகோலை வைத்துப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பேசுங்கள். வீட்டிலும் டீக்கடையிலும் நடக்கும் பாதிச் சண்டை, ஒருவர் விளைவைப் பற்றியும் இன்னொருவர் கடமையைப் பற்றியும் பேசுவதால் வருவதுதான்.

(மன உளைச்சல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எந்தப் பிரச்சினைக்கும் தீர்வல்ல. பேசினால் வழி கிடைக்கும். டெலிமானஸ் இலவச உதவி எண்: 14416. தமிழ்நாடு அரசு சுகாதார உதவி எண்: 104.)